உஷார்! ரயில் ஏறுவதற்கு முன்பே பறிபோகிறது பணம்

இந்தப் பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளை ரயிலில் கோலாலம்பூருக்கு அழைத்துப் போகலாம் என்று நினைத்திருக்கிறீர்களா? முகநூலில் பார்த்த மலிவு டிக்கெட்டுக்கோ பேக்கேஜுக்கோ யாருக்காவது பணம் கட்டப் போகிறீர்களா? இதைப் படித்து முடிக்கும்வரை ஒரு காசும் அனுப்ப வேண்டாம். ஏற்கெனவே அனுப்பிவிட்டு இப்போது மனது உறுத்துகிறது என்றால், படிப்பதை இங்கேயே நிறுத்திவிட்டு, மோசடிப் புகாருக்கான 997 என்ற எண்ணுக்கு அழையுங்கள். மிச்சத்தைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

பேராக் மக்களுக்குத் தலைநகர் இன்று தூரத்து ஊர் இல்லை. 2010 ஆகஸ்டில் இடிஎஸ் மின்ரயில் ஓடத் தொடங்கிய பிறகு, ஈப்போவில் ஏறினால் ஏறக்குறைய இரண்டரை மணி நேரத்தில் கேஎல் சென்ட்ரல். அங்கிருந்து நடந்தால் பிரிக்பீல்ட்ஸ், கொமுட்டர் ரயிலில் ஏறினால் பத்துமலை. இரட்டைக் கோபுரத்தின் அடியில் நின்று ஒரு படம். எஸ்டேட்டில் பால் வெட்டிய கைகளுக்கு, பேரப்பிள்ளைகளோடு இப்படி ஒரு பயணம் போவது நியாயமான ஆசை. குளிர்சாதனப் பெட்டியில் உட்கார்ந்து, கம்பார், தாப்பா ரோடு, சிலிம் ரிவர், தஞ்சோங் மாலிம் என்று ஊர் ஊராய்ப் பார்த்துக்கொண்டே போவதில் ஒரு குறையும் இல்லை. மோசடிக் கும்பல் தூண்டில் போடுவது இந்த ஆசையில்தான்.

விளம்பரம் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். மேலே பளபளவென்று ஒரு இடிஎஸ் ரயில் படம். ஓரத்தில் ரயில் நிறுவனத்தின் சின்னம். கீழே, ஈப்போவிலிருந்து போக வர டிக்கெட், இரண்டு இரவு ஹோட்டல், காலை உணவு, இரட்டைக் கோபுரம், விலங்கியல் பூங்கா எல்லாம் சேர்த்து ஒருவருக்கு 99 வெள்ளி என்பது போல ஒரு விலை. போக வர ரயில் டிக்கெட்டை அதில் கழித்துவிட்டால் இரண்டு இரவு ஹோட்டலுக்கு என்ன மிஞ்சும்? இந்த ஒரு கணக்கைப் போட்டாலே பாதி வேஷம் கலைந்துவிடும். ஆனால் கணக்குப் போட விடமாட்டார்கள். கீழே கருத்துப் பகுதியில் “போன மாசம் போனோம், ரொம்ப நல்லா கவனிச்சாங்க” என்று வரிசையாகப் பாராட்டு இருக்கும். அந்தப் பெயர்களைத் தொட்டு உள்ளே போய்ப் பாருங்கள். கணக்குத் தொடங்கிச் சில வாரம்கூட ஆகியிருக்காது. போட்டிருக்கும் படம் எங்கிருந்தோ எடுத்தது.

பட்டனை அமுக்கினால் பேச்சு வாட்ஸ்அப்புக்குப் போகும். இங்கேதான் நம்மவர்கள் அசந்துவிடுகிறார்கள், ஏனென்றால் பதில் தமிழில் வருகிறது. “அக்கா, இன்னும் ஏழு சீட்தான் இருக்கு. டெபாசிட் மட்டும் இப்ப போட்டுட்டீங்கன்னா பேர் எழுதி வெச்சிடுறேன். ரெசிட் அனுப்புங்க.” எவ்வளவு அன்பு, எவ்வளவு மரியாதை! யோசிக்க நேரம் கொடுக்காமல் அவசரப்படுத்தும் அந்த “இப்ப” என்ற சொல்லைக் கவனியுங்கள். அடுத்து ஒரு வங்கிக் கணக்கு எண் வரும். விளம்பரத்தில் ‘டிராவல் அண்ட் டூர்ஸ்’ என்று இருந்தது, பணம் மாற்றும்போது திரையில் தெரிவதோ ஒரு தனிமனிதரின் பெயர். கேட்டால், “அது எங்க அக்கவுண்டன்ட் பேரு அக்கா” என்பார்கள். அந்த இடத்திலேயே கைப்பேசியைக் கீழே வைத்துவிடுங்கள். ஒழுங்காகத் தொழில் செய்யும் பயண நிறுவனம் யாரோ ஒரு தனியாளின் கணக்கில் வாடிக்கையாளர் பணத்தை வாங்காது.

டெபாசிட் போனால் போகட்டும் என்று விட்டுவிடக்கூடியதும் அல்ல இது. ஒரு முறை கட்டியவரிடம் மறுபடி மறுபடி கேட்பார்கள். காப்புறுதிக்கு ஒரு தொகை, பிள்ளைக்கு இருக்கை மாற்ற ஒரு தொகை, “சிஸ்டம்ல உங்க பணம் மாட்டிக்கிச்சு, இன்னொரு தடவை போட்டா ரெண்டும் சேர்ந்து திரும்பி வந்துடும்” என்று ஒரு தொகை. ஏற்கெனவே போட்டது வீணாகிவிடுமே என்ற தவிப்பில்தான் மனிதர்கள் இரண்டாவதையும் மூன்றாவதையும் அனுப்புகிறார்கள்.

இதைவிடக் கொடியது ஏபிகே என்ற வகை. பயத்தோடு படியுங்கள். “டிக்கெட் புக் பண்ண எங்க ஆப் வேணும், இதை டவுன்லோட் பண்ணுங்க” என்று வாட்ஸ்அப்பிலேயே ஒரு கோப்பு அனுப்புவார்கள். அது கூகுள் பிளே கடையில் இல்லாத செயலி. போடும்போது, இது ஆபத்தானதாக இருக்கலாம் என்று கைப்பேசியே எச்சரிக்கும். “அது எல்லாருக்கும் வரும், ஓகே பண்ணுங்க” என்பார்கள். செயலி திறந்ததும் குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும். நாம் கொடுத்துவிடுவோம். உள்ளே டிக்கெட் படம், தேதி, இருக்கை எல்லாம் அச்சாக அசல் மாதிரி இருக்கும். பத்தே வெள்ளி முன்பணம் கட்டச் சொல்லும். வங்கிகளின் சின்னங்கள் வரிசையாக வரும். உங்கள் வங்கியைத் தொட்டு, பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் அடிப்பீர்கள். திரை சுற்றிச் சுற்றி, ‘கோளாறு, பிறகு முயற்சி செய்யவும்’ என்று நிற்கும். பத்து வெள்ளிகூடப் போகவில்லை என்று நீங்கள் நிம்மதியாக இருப்பீர்கள். நீங்கள் அடித்த பெயரும் கடவுச்சொல்லும் அதற்குள் எங்கோ ஒருவன் கையில் இருக்கும். வங்கி அனுப்பும் டெக் எண் உங்கள் கைப்பேசிக்குத்தான் வரும், ஆனால் அந்தச் செயலி உங்களுக்கு முன்பே அதைப் படித்து அவனுக்கு அனுப்பிவிடும். மறுநாள் காலையில் கணக்கில் இருப்பது சில்லறை.

இந்த ஓட்டையை அடைக்கத்தான் 2022 செப்டம்பரில் நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா, குறுஞ்செய்தி வழி டெக் எண்ணைக் கைவிட்டு வேறு பாதுகாப்பான முறைக்கு மாறும்படி வங்கிகளுக்கு உத்தரவிட்டது. புதிய கைப்பேசியில் வங்கிச் செயலியைப் பதிந்தால் சில மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்ற விதியும் அப்போது வந்ததுதான். அது நமக்குத் தொந்தரவாகத் தெரியலாம். அந்தச் சில மணி நேரத்தில்தான் எத்தனையோ பேரின் பணம் தப்புகிறது. ஆனால் ஒன்று: எந்தப் பூட்டைப் போட்டாலும், சாவியை நாமே எடுத்துக் கொடுத்துவிட்டால் வங்கி என்ன செய்யும்? வாட்ஸ்அப்பில் வரும் எந்தச் செயலியையும் போடாதீர்கள். மகன் அனுப்பினாலும் போடாதீர்கள், அவன் குரலைக் கேட்டு உறுதிப்படுத்தும்வரை.

இன்னொரு வகை, பார்ப்பதற்கு ரொம்பச் சாது. ‘நிறுவனத்தின் ஆண்டுவிழாவை முன்னிட்டுப் பயண அட்டை, பத்து வெள்ளி கட்டினால் மாதக்கணக்கில் இலவசப் பயணம்’ என்று பொதுப்போக்குவரத்து நிறுவனங்களின் பெயரில் சுற்றும் விளம்பரம். உலகின் பல நகரங்களில் இதே கதை நடந்திருக்கிறது. இங்கே ரேபிட் கேஎல் பெயரிலும் சுற்றி, அது பொய் என்று நிறுவனமே மறுக்க வேண்டியிருந்தது. அவர்களுக்கு வேண்டியது உங்கள் பத்து வெள்ளி இல்லை, நீங்கள் அடிக்கும் வங்கி அட்டை எண்.

பார்த்தால் பொய் தெரிந்துவிடாதா என்று இளையவர்கள் கேட்கலாம். 2025ஆம் ஆண்டின் நடுவில் நம் பேராக்கிலேயே நடந்ததைச் சொல்கிறேன். கோலாலம்பூரிலிருந்து ஒரு வயதான தம்பதி, ஹுலு பேராக்கில் பெங்காலான் ஹுலு பக்கம் உள்ள குவாக் ஹுலு என்ற இடத்தைத் தேடி வந்தார்கள். அங்கே ‘குவாக் ஸ்கைரைட்’ என்ற கேபிள் கார் ஓடுவதாக ஒரு காணொளியில் பார்த்திருந்தார்கள். ‘டிவி ராக்யாட்’ என்ற தொலைக்காட்சியின் பெண் நிருபர் ஒலிவாங்கியோடு நின்று வர்ணிக்கிறார், சுற்றுப்பயணிகள் சிரித்துக்கொண்டே பேட்டி கொடுக்கிறார்கள், காட்டுக்கு மேலே கேபிள் கார் மிதக்கிறது. தங்கும் விடுதியில் வேலை செய்தவரிடம் வழி கேட்டபோதுதான் விஷயம் உடைந்தது. கேபிள் காரும் இல்லை, அந்தத் தொலைக்காட்சியும் இல்லை, அந்த நிருபரும் இல்லை. முழுக்கச் செயற்கை நுண்ணறிவு செய்த காணொளி. அந்த அம்மாவால் நம்ப முடியவில்லை. நிருபரே வந்து பேசினாரே, அவர் ஏன் பொய் சொல்ல வேண்டும் என்று கேட்டாராம். விடுதி ஊழியர் இதைச் சமூக ஊடகத்தில் எழுத, நாடு முழுக்கப் பரவியது. பலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. செய்தி வாசிப்பவர் சொன்னால் உண்மை என்று நம்பித்தான் நம் பெற்றோர் வானொலியையும் ஆர்டிஎம்மையும் கேட்டு வளர்ந்தார்கள். அவர்களை முட்டாள் என்று சொல்ல நமக்கு என்ன உரிமை? அந்தத் தம்பதிக்கு அலைச்சலோடு போயிற்று. அதே காணொளிக்குக் கீழே ‘டிக்கெட் முன்பதிவு’ என்று ஒரு பட்டன் இருந்திருந்தால்?

தங்கும் இடத்திலும் இதே கண்ணிதான். பள்ளி விடுமுறையில் கோலாலம்பூரில் ஹோம்ஸ்டே தேடுபவர்கள் நிறையப் பேர். உண்மையான ஒரு வீட்டின் படங்களை வேறொரு தளத்திலிருந்து திருடி, பாதி வாடகைக்குப் போட்டுவிடுகிறார்கள். பாதுகாப்புத் தொகையைக் கட்டிவிட்டு, மூட்டை முடிச்சோடு அந்த அடுக்குமாடியின் கீழே போய் நின்றால், காவலாளி உதட்டைப் பிதுக்குவார். பிள்ளைகள் பசியோடு நிற்கும். அழைத்த எண் அணைந்திருக்கும். வீட்டுக்காரரிடம் காணொளி அழைப்பில் அந்த அறையை அப்போதே காட்டச் சொல்லுங்கள். சாக்குச் சொன்னால் விட்டுவிடுங்கள்.

ஏன் நம்மவர்கள் இதில் அதிகம் விழுகிறார்கள் என்று நான் நிறைய யோசித்ததுண்டு. சுங்கை சிப்புட், செம்மோர், தஞ்சோங் ரம்புத்தான், பாகான் செராய், சித்தியவான் பக்கமெல்லாம் எஸ்டேட்டுகள் விற்கப்பட்டு, செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறி, லயத்து மக்கள் ஆளுக்கொரு தாமானுக்குச் சிதறிப் போனார்கள். ஆனாலும் உறவு விட்டுப்போகவில்லை. பழைய எஸ்டேட் பெயரில் ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கும். கோயில் திருவிழா, காதுகுத்து, சாவுச் செய்தி எல்லாம் அதில் வரும். அதில் ஒருவர் போட்டால் அது நம் வீட்டு ஆள் சொன்னது மாதிரி. துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, சிறுகச் சிறுகக் கட்டி எஸ்டேட்டுகளையே வாங்கிய மக்கள் இவர்கள். முகம் தெரிந்தவரை நம்பி ஒன்றாகப் பணம் போடுவது இந்தச் சமூகத்தின் பலம். மோசடிக்காரன் அந்தப் பலத்துக்குள்தான் கையை விடுகிறான்.

எங்கள் வட்டாரத்திலேயே பார்த்தேன். ஒரு குழுவில், எல்லாரும் மதிக்கும் ஓர் அக்காவின் எண்ணிலிருந்து ரயில் பயணச் சலுகை வந்தது. “நான் கட்டிட்டேன், நீங்களும் கட்டுங்க” என்று ஒரு வரி. அக்கா அதை அனுப்பவே இல்லை. அதற்கு முதல் நாள் தெரிந்த எண்ணிலிருந்து அவருக்கு ஒரு செய்தி: “தப்பா உங்க நம்பருக்கு ஆறு இலக்க எண் வந்திருக்கும், கொஞ்சம் அனுப்புங்களேன்.” அவரும் பாவம் அனுப்பிவிட்டார். அது அவருடைய வாட்ஸ்அப்பைத் திறக்கும் சாவி. அடுத்த நிமிடம் கணக்கு வேறு ஒருவன் கைக்குப் போய்விட்டது. அவன் அக்காவே எழுதுவது போல எழுதினான், “ஐயா”, “தம்பி” எல்லாம் இடம் பார்த்துப் போட்டு. நல்ல வேளையாக ஒருவர் அக்காவுக்கு நேரில் போன் போட்டுக் கேட்டார். “என்னக்கா, எந்தத் தேதிக்குப் போட்டீங்க?” “எங்க போறதுக்கு?” என்றார் அக்கா. அந்த ஒரு கேள்வியில் குழுவே தப்பித்தது.

ஆகவே வீட்டுப் பெரியவர்களுக்கு இதைச் சொல்லிவையுங்கள், அதுவும் ஊழியர் சேமநிதிப் பணம் கைக்கு வந்து வைத்திருப்பவர்களுக்கு முதலில் சொல்லுங்கள்: ஆறு இலக்க எண்ணை யாருக்கும் அனுப்பக் கூடாது, குழுவில் யார் எதைப் போட்டாலும், பணம் சம்பந்தப்பட்டது என்றால் அந்த ஆளை அழைத்துக் குரலைக் கேட்க வேண்டும். திட்டிச் சொல்லாதீர்கள். திட்டு வாங்கியவர் அடுத்த முறை ஏமாந்தாலும் வாயைத் திறக்கமாட்டார், அந்த மௌனத்தில்தான் மிச்சப் பணமும் போகும்.

நம் பையன்களுக்கு ஒரு வார்த்தை. ஏமாந்தவரின் பணம் போய் விழும் அந்தத் தனிமனிதக் கணக்கு யாருடையது? பெரும்பாலும் மோசடிக்காரனுடையது அல்ல. “உன் ஏடிஎம் கார்டைக் கொஞ்ச நாள் கொடு, சில நூறு வெள்ளி தர்றேன்” என்று யாரோ கேட்டு, வேலையில்லாத ஓர் இளைஞனோ கல்லூரி மாணவியோ கொடுத்த கணக்கு. மியூல் கணக்கு என்று இதைச் சொல்கிறார்கள். பொதிமாடு மாதிரி பணத்தை ஒரு பக்கமிருந்து மறுபக்கம் சுமக்கும். அடி விழும்போது விழுவது அதன் முதுகில்தான். 2024இல் தண்டனைச் சட்டம் திருத்தப்பட்டு, இப்படிக் கணக்கைக் கொடுப்பதே தனிக் குற்றமாகிவிட்டது. சிறைக்கும் போக நேரும். ‘எனக்கு ஒன்றும் தெரியாது’ என்று நீதிமன்றத்தில் நிற்கும் பிள்ளைகளில் நம் பிள்ளைகள் இருக்கக் கூடாது.

போலீஸின் வணிகக் குற்றப் புலனாய்வுத் துறை ‘செமாக் மியூல்’ என்ற இணையத்தளத்தை நடத்துகிறது. கணக்கு எண்ணையோ கைப்பேசி எண்ணையோ போட்டால், அதன்மேல் போலீஸ் புகார் இருக்கிறதா என்று காட்டும். பணம் கட்டும் முன் கட்டாயம் பாருங்கள். ஆனால் அங்கே புகார் இல்லை என்று வந்தால் கணக்கு சுத்தம் என்று அர்த்தம் இல்லை. நேற்று வாடகைக்கு எடுத்த கணக்கின்மேல் இன்று எப்படிப் புகார் இருக்கும்? நீங்களே அதன் முதல் ஆளாக இருக்கலாம்.

பணம் போய்விட்டது என்று தெரிந்தால் அழுவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று. 997. அது தேசிய மோசடி பதில் நடவடிக்கை மையத்தின் எண், 2022இல் தொடங்கப்பட்டது. போலீஸ், பேங்க் நெகாரா, வங்கிகள், தொடர்புத் துறை ஆணையம் எல்லாம் சேர்ந்து வேலை செய்யும் இடம். உங்கள் பணம் முதல் கணக்கில் தங்காது. அங்கிருந்து இரண்டாவது, மூன்றாவது என்று துண்டு துண்டாகப் பிரிந்து ஓடும். ஓடி முடிவதற்குள் அந்தச் சங்கிலியை மறித்து முடக்கினால்தான் மீட்க வழி. நாளைக் காலை பார்த்துக்கொள்ளலாம் என்றால் கதை முடிந்தது. உங்கள் வங்கியின் அவசர எண்ணையும் உடனே அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். ஏபிகே செயலி போட்டிருந்தால் அந்தக் கைப்பேசியை அணைத்துவிட்டு வேறொரு கைப்பேசியிலிருந்து பேசுங்கள். பிறகு அருகிலுள்ள போலீஸ் நிலையத்தில் புகார். உரையாடல், கணக்கு எண், ரெசிட் எதையும் அழித்துவிடாதீர்கள். வெட்கத்தில் அழித்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். இன்னும் ஒன்று: புகார் செய்த சில நாளில் ‘உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம், சேவைக் கட்டணம் மட்டும் கட்டுங்கள்’ என்று யாராவது வந்தால், அதுவும் அதே கூட்டம்தான். ஏமாந்தவர்களின் எண்கள் கைமாறிக்கொண்டே இருக்கின்றன.

அப்படியானால் ரயிலில் போவதே வேண்டாமா? தாராளமாகப் போங்கள். டிக்கெட்டை நீங்களே தேடிப் போய் வாங்குங்கள், அவ்வளவுதான். கட்டடக் கலைஞர் ஹப்பக் வடிவமைத்து 1917இல் கட்டி முடிக்கப்பட்ட, ஈப்போவின் தாஜ்மகால் என்று ஊரார் சொல்லும் அந்த வெள்ளைக் கட்டடத்தில் முகப்பு இருக்கிறது, மனிதர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். பத்து காஜா, கம்பார், சுங்கை சிப்புட், கோலகங்சார், தைப்பிங் நிலையங்களிலும் வாங்கலாம். கைப்பேசியில் வாங்குவதானால் கேடிஎம்பியின் அசல் செயலியைப் பிளே கடையிலோ ஆப்பிள் கடையிலோ இருந்து மட்டும் இறக்குங்கள். டிக்கெட்டில் பயணியின் பெயரும் அடையாள அட்டை எண்ணும் பதிவாகும் என்பதால், வேறு யாரோ வாங்கி வைத்ததை முகநூலில் ‘லெட் கோ’ விலைக்கு வாங்குவதும் வம்புதான். மூத்த குடிமக்களுக்கும் சிறுவர்களுக்கும் உண்மையான கழிவே இருக்கிறது. அடையாள அட்டையைக் கொண்டுபோய் முகப்பில் கேளுங்கள். பேக்கேஜாகத்தான் போக வேண்டும் என்றால், அந்த நிறுவனத்துக்குச் சுற்றுலா அமைச்சின் உரிமம் இருக்கிறதா என்று அமைச்சின் தளத்தில் பாருங்கள். 1992ஆம் ஆண்டின் சுற்றுலாத் தொழில் சட்டப்படி உரிமம் இல்லாமல் சுற்றுப்பயணம் விற்பது குற்றம். ஆடி மாதக் கோயில் பயணம், தமிழ்நாட்டு யாத்திரை என்று ஆள் சேர்ப்பவர்களுக்கும் இதே சட்டம்தான், அவர் எவ்வளவு பக்தியாகப் பேசினாலும். உரிமம் உள்ள நிறுவனம் சொன்னபடி நடக்காவிட்டால் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. 50,000 வெள்ளி வரையிலான வழக்கை வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே கொண்டு போகலாம். முகவரி இல்லாத ஆவியின் மேல் எந்தத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போடுவீர்கள்?

இதுவரை சொன்னது பணம். இனிச் சொல்வது உயிர்.

ஈப்போவிலிருந்து தெற்கே ஏறினால் கோலாலம்பூர். வடக்கே ஏறினால் பாடாங் பெசார். அந்த நிலையத்திலேயே இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையும் முடிந்துவிடும். அங்கிருந்து ரயில் மாறினால் ஹட்யாய், இன்னும் போனால் பேங்காக். விடுமுறைக்கு நம் இளைஞர்கள் கூட்டமாகப் போகும் வழி அது. போகட்டும். (தாய்லாந்தின் மின்னியல் வருகை அட்டைக்கு 2025 மே முதல் இணையத்தில் பதிய வேண்டும். அது முற்றிலும் இலவசம். காசு கேட்கும் தளம் எதுவானாலும் போலி.) ஆனால் “டிக்கெட் நான் போடுறேன், நீ சும்மா கிளம்பி வா” என்று இணையத்தில் பழகிய ஒருவர் அழைத்தால், ஈப்போ மக்கள் ஒரு பிள்ளையை நினைத்துப் பார்க்க வேண்டும்.

அவருக்கு 23 வயது. நம் ஈப்போக்காரர். தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகப் படித்தவர். 2022 ஜனவரியில், இணையத்தில் அறிமுகமான காதலியைப் பார்த்துவிட்டுச் சில வாரத்தில் திரும்புவதாகச் சொல்லிப் பேங்காக்குக்குக் கிளம்பினார். திரும்பவில்லை. மோசடிக் கும்பலின் கையில் சிக்கினார். அந்த ஆண்டு மே மாதம், மியன்மார் எல்லையை ஒட்டிய மே சோட் ஊரின் மருத்துவமனையில் இறந்துபோனார். அவர் இறந்துவிட்டார் என்பது வீட்டுக்குத் தெரியவே மாதங்கள் ஆயின. பெற்றோர் அங்கே போய், புதைத்த உடலைத் தோண்டி எடுத்து எரியூட்டி, சாம்பலை வாங்கி வந்தார்கள்.

எல்லைக்கு அப்பால் மியாவாடி பக்கம் வேலி போட்ட வளாகங்களில், கணினி முன் உட்கார வைத்து, அடித்து உதைத்து வேலை வாங்குகிறார்கள். என்ன வேலை? உங்களுக்கும் எனக்கும் “அக்கா, இன்னும் ஏழு சீட்தான் இருக்கு” என்று எழுதும் வேலைதான். தமிழ் தெரிந்த பிள்ளை, மலாய் தெரிந்த பிள்ளை, சீனம் தெரிந்த பிள்ளை எல்லாருக்கும் அங்கே தேவை இருக்கிறது. அழைப்பு எப்போதும் மோசமானதாகத் தெரியாது. வாடிக்கையாளர் சேவை வேலை, தங்குமிடம் இலவசம், சம்பளம் இங்கே கிடைப்பதைவிடப் பல மடங்கு. அல்லது வெறும் விடுமுறை, அல்லது காதல்.

மகனோ மகளோ எல்லை தாண்டப் போகிறேன் என்றால் தடுக்க வேண்டியதில்லை, கேட்க வேண்டும். டிக்கெட்டுக்கு யார் பணம் கட்டியது? திரும்பி வரும் டிக்கெட் எங்கே, காட்டு. தங்கப் போகும் ஹோட்டலின் பெயர் என்ன. அந்த ஹோட்டலுக்கு நீங்களே போன் போட்டுப் பாருங்கள். அழைத்தவரின் முகத்தைக் காணொளி அழைப்பில் பார்த்திருக்கிறாயா? கடப்பிதழின் படத்தை வீட்டில் ஒரு பிரதி வாங்கி வையுங்கள். பேங்காக்கில் மலேசியத் தூதரகமும், ஹட்யாய்க்குப் பக்கத்தில் சொங்க்லாவில் துணைத் தூதரகமும் இருக்கின்றன. இரண்டின் எண்களையும் பிள்ளையின் கைப்பேசியிலும் உங்கள் கைப்பேசியிலும் இன்றே பதிந்துகொள்ளுங்கள். அங்கே இறங்கிய பிறகு கடப்பிதழை யாராவது வாங்கி வைத்துக்கொண்டாலோ, வண்டி பேங்காக்கை விட்டு மே சோட் திசையில் ஓடினாலோ, அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிப் போலீஸிடம் ஓட வேண்டும் என்று சொல்லி அனுப்புங்கள். சொன்ன நேரத்தில் பேசாவிட்டால் இரண்டு நாள் பார்க்கலாம் என்று காத்திருக்காமல், அன்றைக்கே பக்கத்துப் போலீஸ் நிலையத்தில் புகார் செய்யுங்கள்.